கதவண்ணனும் அவருடைய மாமனாரும்

பட்டம் வாங்கிய கையோடு நான் சேர்ந்த முதல் வேலை, ஓர் ஆயுர்வேத சிகிச்சை நிலையத்தின் வரவேற்பு மேசை. எங்கள் வம்சத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகும் முதல் ஆள் நான். அதனால் சட்டையை இரண்டு தரம் தேய்த்துப் போட்டுக்கொண்டு விடிந்தும் விடியாமல் போய் நின்றேன். மேசையில் யாருமில்லை. தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து ஒரு கனத்த குரல் மட்டும் வந்தது.

"ஐயா, இப்ப போனது என்ன நிறம்?"

கதவுக்குள் ஏதோ முனகல்.

"மஞ்சளா? வெறும் மஞ்சளா, தண்ணியாட்டமா? வெக்கப்படாம சொல்லுங்க, நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?"

எட்டிப் பார்த்தேன். கழிவறைக் கதவில் காதை வைத்தபடி ஒருவர் நின்றிருந்தார். தோளில் துண்டு, கையில் வெந்நீர்ச் செம்பு. என்னைக் கண்டதும், "புதுசா? பேதிக்கா, வரவேற்புக்கா?" என்றார்.

"வரவேற்புக்குங்க."

"அப்ப முன்கதவு உங்களுக்கு, இந்தக் கதவு எனக்கு."

ஆண்கள் பிரிவின் சிகிச்சை உதவியாளர் அவர். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் கதவண்ணன்தான்.

நெஞ்செரிச்சல், வயிற்றுப் பொருமல், நாள்கணக்கில் மலச்சிக்கல் என்று வருகிறவர்களே அங்கே அதிகம். அவர்களுக்கு முதலில் சில நாட்கள் வெறும் வயிற்றில் மருந்து நெய், அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு எண்ணெய் தேய்த்து ஆவி பிடிப்பது. அதற்கப்புறம் ஒரு காலையில் பேதி லேகியம். அன்று முழுக்கக் கதவண்ணன் அந்தக் கதவை விட்டு நகரமாட்டார். ஒவ்வொரு முறையும் நிறம் கேட்பார், நுரை கேட்பார். கடைசியில் சளி மாதிரி வழவழவென்று வந்தால்தான் வயிறு சுத்தமானதாக அங்கே கணக்கு. அவர் "முடிஞ்சது" என்று சொன்ன பிறகுதான் டாக்டரம்மா நாடி பார்ப்பார், சமையல்கட்டிலிருந்து நீர்க்கஞ்சி வரும். "நல்லா போச்சு" என்று யாராவது மழுப்பினால் அவருக்குப் பொறுக்காது. "நல்லான்னா? என்ன, விருந்தா சாப்பிட்டுட்டு வந்தீங்க?" என்பார்.

எனக்கு இது பெரிய ஆச்சரியம். நாளெல்லாம் இதையே கேட்டுவிட்டு இந்த மனிதர் மத்தியானம் எப்படிச் சாப்பிடுகிறார்? ஒருநாள் கேட்டே விட்டேன். வாயில் சோற்றோடு சிரித்தார். "தம்பி, ஆள் வெளிய வர்றப்ப மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? பரீட்சை முடிஞ்ச பிள்ளையாட்டம் இருக்கும். அதப் பாத்தா எனக்குப் பசிக்கும்."

அவருக்கு ஒரு தலைவலி இருந்தது, மாமனார். டயர் கடைக்காரர். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, "கடைக்கு வந்துடுங்க மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்ன பண்றார்னு நாலு பேர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று ஒரே பாட்டு. இப்போது பக்கத்துக் கடையையும் பிடித்து விரிவாக்கப் போகிறார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். அவர் மனைவியும் அப்பா பக்கம் சாய்ந்துவிட்டார்.

"டயர்கிட்ட என்னன்னு தம்பி கேக்குறது?" என்றார் கதவண்ணன். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

அந்த மாதமே மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பல வருடப் பொருமல். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். என் மேசைமேல் குனிந்து, "ஆம்பளைங்க பக்கம் வேற யாரும் இருக்காங்களா தம்பி?" என்று கிசுகிசுத்தார்.

"இல்லைங்கய்யா. அவர் மட்டும்தான்."

மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "சரி, தலையெழுத்து."

நெய் குடித்த நாட்களில் இருவரும் காட்டிய மரியாதையைப் பார்க்கவே நான் தாழ்வாரத்துக்குச் சாக்குத் தேடிப் போவேன். மருமகன் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டுவார். மாமனார் வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "நீங்க எடுத்துக்கலையா மாப்பிள்ளை?" என்பார். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

லேகியம் கொடுத்த அன்று தாழ்வாரம் அமைதியாக இருந்தது. கதவண்ணன் கதவை விட்டுத் தள்ளி, ஜன்னலோரம் நின்றிருந்தார். நெடுநேரம் கழித்து, "மாமா, பரவாயில்லையா?" என்றார் மெதுவாக.

"பரவாயில்ல மாப்பிள்ளை."

அவ்வளவுதான் விசாரணை. மத்தியானம் மாமனார் வெளியே வந்து, "எல்லாம் ஆச்சு, பசிக்குது" என்றார். கதவண்ணனும் டாக்டரம்மாவிடம் "முடிஞ்சது" என்றார். நாடி பார்த்தார்கள், கஞ்சி வந்தது.

சாயங்காலம் மாமனாரின் வயிறு தவில் மாதிரி வீங்கிவிட்டது. சுருண்டு படுத்துத் துடித்தார். டாக்டரம்மா ஓடிவந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"பாதி உள்ளயே நிக்குது. கடைசியா என்ன வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

"கேக்கல டாக்டர். மாமாவாச்சேன்னு..."

"நீங்களாவது சொல்லக் கூடாதாங்க?" என்று அவர் நோயாளி பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளைகிட்ட போய் இதையெல்லாம் எப்படிம்மா சொல்லுவேன்? எனக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?" வலியிலும் அவருக்குக் கோபம் வந்தது.

கதவண்ணன் என் மேசையருகே வந்து நின்றார். "அவ்ளோதான் தம்பி. இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல. இனி டயர்தான்."

கஞ்சியை நிறுத்தி, வெந்நீரும் ஓய்வுமாக வைத்து, உடம்பு தேறியதும் டாக்டரம்மா மறுபடி லேகியம் கொடுக்கச் சொன்னார். அன்று கிண்ணத்தை வாங்கிய மாமனார் உடனே குடிக்கவில்லை.

"இங்க பாருங்க. அந்த வலிய இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது. இன்னைக்கு நான் உங்க மாமா இல்ல. யாரோ ஒருத்தன்கிட்ட கேக்கற மாதிரி கேளுங்க."

"என்னன்னு கூப்பிடட்டும்?"

"ஐயான்னு கூப்பிடுங்க. எல்லாரையும் அப்படித்தான கூப்பிடுறீங்க?"

சற்று நேரத்தில் பழைய குரல் தாழ்வாரத்தை அதிரவைத்தது. "ஐயா, என்ன நிறம்?"

உள்ளே ஒரு செருமல் கேட்டது. பிறகு டயர் கடையில் லாரிக்காரனைக் கூப்பிடும் தொண்டையில் பதில் வந்தது: "மஞ்சள்! கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி!"

"நுரை?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்!"

சமையல்கட்டு அக்கா கரண்டியோடு வந்து நின்று சிரித்தார். போகப் போக மாமனாருக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. கேட்கும் முன்பே செய்தி வர ஆரம்பித்தது. பிற்பகலில் ஒரே கூச்சல்: "மாப்பிள்ளை! வழவழன்னு, சளியாட்டம் வருது மாப்பிள்ளை!"

ஐயா, யாரோ ஒருத்தன் என்ற ஏற்பாடெல்லாம் காற்றில் போயிற்று. கதவண்ணன் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "முடிஞ்சது" என்றார். அன்று குடித்த கஞ்சி வயிற்றில் ஒழுங்காக இருந்தது.

வீட்டுக்குப் புறப்பட்ட நாளில், என் மேசை முன்னால்தான் கதவண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாமா, அந்தக் கடை விஷயம்..."

"டயர் பாக்க எவனாவது கிடைப்பான் மாப்பிள்ளை. மறுபடி வயிறு மக்கர் பண்ணினா, இதையெல்லாம் நான் வேற எவன்கிட்ட போய்ச் சொல்றது? நீங்க இங்கயே இருங்க."

விரிவாக்கிய கடையில் இப்போது மாமனாரின் அண்ணன் மகன் உட்கார்ந்திருக்கிறான். மாமனாருக்குப் பொருமல் முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. மாப்பிள்ளை என்ன பண்றார் என்று யாராவது கேட்டால், "வைத்தியத் துறை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாராம். கதவண்ணன் அதே நிலையத்தில், அதே ஆண்கள் பிரிவில் வேலை பார்க்கிறார்.