சீதன வீட்டில் வாடகைக்கு

பத்து வயதில் நான் ஒரு குட்டிச் சட்டத்தரணி. வாதாடியது ஒரே ஒரு வழக்கு. அதில் வென்றும் தொலைத்தேன்.

அப்போது மருதனார்மடத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். அப்பாவுக்கு வவுனியாவில் வேலை. அதற்கு முன் மூன்று வருடத்தில் மூன்று வீடு மாறியாயிற்று. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் எங்களை எழுப்பிவிட்டார்கள். எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வேறு வந்துகொண்டிருந்தது. அதனால் இந்த முறை அம்மா நொத்தாரிசிடம் போய், இரண்டு வருட ஒப்பந்தம் எழுதிய பிறகுதான் சாமான்களை ஏற்றினார்.

வீட்டுக்காரர் அடுத்த வளவில் இருந்தார். நாங்கள் இருந்தது அவர் தன் ஒரே மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. அந்த அக்காதான் காலையில் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து எனக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிடுவார்.

ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு பின்னேரம் வீட்டுக்காரர் ஒரு தாளோடு வந்தார். அக்காவுக்குச் சம்பந்தம் ஒன்று பொருந்தி வந்திருந்தது.

"ரீச்சர், ஒரு வரி மட்டும் சேர்ப்பம். கலியாணம் சரிவந்தால் ஒரு மாதத்திலை நீங்கள் எழும்போணும்."

"ஐயா, இடையிலை மாத்திறதெண்டால் ரெண்டு பகுதியும் ஒத்துக்கொள்ளோணும். தவணை முடியட்டும், பிறகு நீங்கள் விரும்பினபடி எழுதலாம். இப்ப ஏலாது."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எனக்கோ கைதட்ட வேண்டும் போலிருந்தது. முதன்முதலாக எங்களை ஒருவரால் எழுப்ப முடியவில்லை! ஒப்பந்தத்தை எடுத்து வைத்துப் பாடம் பண்ணினேன். புலமைப்பரிசிலுக்குக்கூட அப்படிப் படிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணைப் பார்த்த கையோடு சீதன வீட்டையும் பார்ப்பது வழக்கம். அம்மா காலையிலிருந்தே வீட்டைக் கூட்டி, யன்னல்களைத் திறந்துவைத்து, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போயிருந்தார். நான் வாசலில் காவல். மாப்பிள்ளையின் தாய் அன்பாகத்தான் கேட்டார்.

"பிள்ளை, நீங்களோ இந்த வீட்டிலை இருக்கிறியள்?"

"ஓம். இன்னும் ஒண்டரை வருஷம் இருப்பம். ஒருத்தரும் எழுப்ப ஏலாது. கையெழுத்து வைச்சிருக்கு."

அந்த அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். "கலியாணத்தோடை வீடு கையிலை எண்டெல்லோ சொன்னியள்?"

வீட்டுக்காரர் மாமரத்தைப் பார்த்தார். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கவில்லை. அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

அம்மா அடிப்பார் என்றுதான் பயந்தேன். அவர் தட்டத்தோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"கலியாணம் சரிவந்தால் எழும்பித் தாறம் எண்டு நேற்றுத்தான் ஐயாவுக்குச் சொல்லிப்போட்டு வந்தனானடி."

"அப்ப ஏன் எழுதேல்லை?" என்று கேட்டேன். என்ன வாய் எனக்கு!

மறுநாள் காலையும் அக்கா வந்து தலை பின்னிவிட்டார். வீட்டுக்காரர் அதன் பிறகு ஒப்பந்தம் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது.

தவணை முடிந்தபோது, இன்னும் இருக்கலாமா என்று அம்மா கேட்கவில்லை. அவரும் இருங்கள் என்று சொல்லவில்லை. சாமான்கள் லான்ட்மாஸ்டர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா விளக்குமாறோடு வந்து வெறும் கூடத்தைக் கூட்டினார்.

"அக்கா, இனி வீடு உங்களுக்குத்தானே!" என்றேன்.

அக்கா நிமிர்ந்து நாலு சுவரையும் ஒருமுறை பார்த்தார். "ஓம் குஞ்சு. இப்ப வீடு இருக்கு."

சொன்ன சொல் தவறாமல் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், இனி அக்காவுக்கு ஒரு குறையுமில்லை என்று நினைத்துக்கொண்டு, பாய்க்கட்டின் மேலே ஏறி இருந்து, தெரு முடக்கு வரும்வரை சந்தோசமாகக் கை காட்டிக்கொண்டே போனேன்.