தில்லைநாதர் சொன்ன ‘ஓம்’

நாணுடைமை என்பது பிறர் பழிக்குமுன் தன் நெஞ்சே தன்னைப் பழிப்பது. அப்பண்பை நான் அரியாலைக் கடற்றொழிலாளி தில்லைநாதரிடம் கண்டேன். காண்பதற்கு இனிய காட்சியாக அது இருக்கவில்லை.

இளமையில் அவர் பினாங்கிலே ஒரு சீன முதலாளியின் மீன்பிடிப் படகில் பல்லாண்டு உழைத்து, அவ்வீட்டார் பேச்சைச் சரளமாகக் கற்று மீண்டவர். ஊரவராகிய நாங்கள் அவரைச் ‘சீனத்தார்’ என்றே அழைத்தோம். எந்தச் சீனம் என்று எவரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு சீனக் கும்பனி எங்கள் கடற்கழியான களப்பில் கடலட்டைப் பண்ணை அமைக்க வந்தது. பண்ணை வேலி படகுப் பாதையை அடைத்துவிடுமோ என்று தொழிலாளர் அஞ்சினர். உடன்படிக்கைக்காகக் கூடிய நாளில், கொழும்பிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் தேவராசா தில்லைநாதரை முன்னே அழைத்தார்.

வெளுத்த வேட்டியோடு எழுந்து, பாதை வேண்டுமென்பதைத் தாம் அறிந்த சீனத்தில் அவர் எடுத்துரைத்தார். கும்பனிப் பொறியாளரான இளம்பெண் அருகிலிருந்தவரை நோக்கினாள். பின் ஏதோ மறுமொழி கூறினாள். அவள் பேசியது அரசின் பொதுமொழியாகிய மாண்டரின். அவர் கற்றதோ தென்சீனத்துப் பூச்சியன் மாகாணக் கரையோரத்தாரின் ஹொக்கியன். எழுத்து ஒன்றாயினும், செவிக்கு இரண்டும் வேறு மொழிகள். எழுத்தறியாது செவியால் மட்டுமே கற்றவருக்கு அவ்வுண்மை அத்தனை கண்களும் தம்மேல் நிலைத்திருந்த அந்நொடியில்தான் தெரிந்தது.

“என்னவாம், தில்லை அண்ணை? பாதை விடுவினமாமோ?” என்றார் தேவராசா.

“ஓம். விடுவினமாம்,” என்று ஆமெனத் தலையசைத்தார் தில்லைநாதர்.

மண்டபம் கைதட்டியது. தேத்தண்ணீர் வந்தது. கோப்பையை ஏந்திய அப்பெண் ‘ச்சா’ என்று மகிழ்ந்தாள். பழைய பழக்கத்தால் தில்லைநாதரின் நா, அதை ஹொக்கியனில் ‘தே’ என்று திருத்தியது. பின்வரிசையிலிருந்த கும்பனிச் சமையற்காரர் தலைநிமிர்ந்தார். ‘தே’ என்று அவரும் சொன்னார். பூச்சியன்காரர். தம் வீட்டுமொழியைக் கும்பனியார் முன் பேசக் கூசியவர்போல், தில்லைநாதரின் அருகே வந்து மெல்லப் பேசினார். அப்பெண் கூறியது யாதென்று அவர் வாயிலாகவே விளங்கியது: கிழவர் பேசுவது புரியவில்லை, பாதையைப் பற்றிய கேள்வியாயின், அது அடைக்கப்படும்.

இதை அறிந்த தமிழர் அங்கே தில்லைநாதர் ஒருவரே. தேவராசா பேனையைத் திறந்துவிட்டார்.

“தேவராசா, கையெழுத்து வைக்காதையும்,” என்றார் தில்லைநாதர். “நான் சொன்ன ஓம் அவையின்ரை இல்லை. அது என்ரை. அந்தப் பிள்ளை கதைச்சது எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை.”

“சீனத்தார், உம்மடை சீனம் எந்தக் கடையிலை வாங்கினது?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். சிரிப்பு எழுந்தது.

“சிரியுங்கோ. அதுக்கு முதல் இந்த மனுசன் இருக்க முன்னுக்கு ஒரு கதிரை போடுங்கோ,” என்று சமையற்காரரைக் காட்டினார் தில்லைநாதர்.

அதன்பின் எங்கள் தமிழ் ஹொக்கியனாகிச் சமையற்காரரிடம் சென்றது, அவர் நாவில் மாண்டரினாகி அப்பெண்ணை அடைந்தது, அவ்வாறே மீண்டது. நெடுநேர வழக்காடலின் முடிவில், வேலியில் ஒரு படகு நுழையும் அளவு இடைவெளி விட இசைந்தனர்.

இன்றும் படகுகள் அவ்வழியே போகின்றன. தில்லைநாதரோ அப்பக்கம் பார்ப்பதில்லை. சங்கம் இருக்கும் குறுந்தெருவான ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார். ‘சீனத்தார்’ என்றால் திரும்புவதுமில்லை. அந்த ‘ஓம்’ சொல்லப்பட்டதை அவர் மறக்கவில்லை; அது மீட்கப்பட்டதை ஊர் இன்னும் நினைக்கவில்லை.

அவர் மனையாள் பத்மாசினியின் அடுப்பு என்றும் எரிக. அவர் வலை நிறைக. குனிந்த அத்தலையை இறைவன் தன் கையால் நிமிர்த்துக. அவ்வீட்டார் அனைவரும் நெடிது வாழ்க.