தோற்ற அணியின் படக்காரர்

சந்தனராஜ் அண்ணன் ஆவூர்க்காரர். மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர். முழங்கால் ஒடிந்தபின் வேலையை விட்டுவிட்டு, புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒற்றை அறை பிடித்து, பந்தாட்ட அணிகளைப் படம் எடுத்துப் பிழைத்தார். ஆட்டம் தெரிந்தவர், பந்து எங்கே வருமோ அங்கே முன்கூட்டியே போய் நின்றிருப்பார்.

1943-இல் கோப்பைப் போட்டிக்குத் திருச்சியிலிருந்து ஒரு பெரிய ஸ்டுடியோ காரில் வந்து இறங்கியது. மூன்று காமிரா, கோட்டுப் போட்ட ஆட்கள். படம் எடுக்கும் உரிமை முழுவதையும் கமிட்டி அவர்களுக்கே கொடுத்துவிட்டது. அண்ணனை மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே விடவில்லை. யுத்த காலம் வேறு. காமிராவுக்குப் போடும் கண்ணாடித் தகடு கிடைப்பதே அரிது. அன்றைக்கு அவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்று.

நான் கறம்பக்குடி அணியின் கோல்கீப்பர். கடைசி நிமிடத்தில் என் கைக்கு அடியில் பந்து நழுவியது. தோற்றோம். ஜெயித்த திருக்கோகர்ணத்துக்காரர்கள் கோப்பையோடு வரிசையாக உட்கார, கோட்டுக்காரர்கள் அவர்களை மொய்த்துக்கொண்டார்கள். நாங்கள் புளியமரத்தடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிடந்தோம். அண்ணன் காமிராவைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

“எந்திரிச்சு நில்லுங்கப்பா, ஒரு படம் எடுக்கணும்.”

“தோத்த மூஞ்சிய எதுக்குண்ணே புடிக்கிறீங்க? அங்கிட்டுப் போங்க,” என்றேன்.

“நீங்க இல்லாம அவங்க யாரைப்பா ஜெயிச்சாங்க?”

இதைக் கேட்டு, இடது பக்கம் ஆடும் மலையாண்டி பக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு படம் விழுந்தது.

அடுத்த வாரம் பிரதிகளோடு அண்ணனே கறம்பக்குடிக்கு வந்தார். ஊரே கூடிப் பார்த்தது. அதன்பிறகு தோற்ற அணிகள் அவரைத் தேடிப் போகத் தொடங்கின. ஒரு போட்டியில் ஜெயிப்பது ஒரே அணி, தோற்பவை எத்தனை! பெரிய ஸ்டுடியோவுக்கு இது தோன்றவே இல்லை.

மறு வருஷம் பட்டாளத்தில் சேர்ந்திருந்த மலையாண்டி, பர்மா எல்லையில் இறந்துபோனான். மகன் படம் வேண்டுமென்ற அவன் தாய் மூக்காயியை அண்ணனிடம் அழைத்துப் போனேன். பழைய தகடுகளைச் சுரண்டிவிட்டு மறுபடி பயன்படுத்திய காலம் அது. அண்ணனின் மனைவி ஆரோக்கியம்மாள் பெட்டி பெட்டியாகத் தேடி, எங்கள் தகட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் பொடியாகத் தெரிந்த மலையாண்டியின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, ஈரம் காய்ந்ததும் மூக்காயியிடம் நீட்டினார் அண்ணன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“தோத்துட்டு வந்தேன்னு அன்னிக்குச் சோறுகூடத் திங்காமப் படுத்தானே. இங்கன சிரிச்சிருக்கானே!”

அண்ணன் அறையைப் பூட்டிக்கொண்டு எங்களோடு பஸ் நிற்கும் இடம்வரை நடந்து வந்தார். மூக்காயிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்த பிறகுதான் திரும்பினார்.