தோளை இறக்குப்பா

எனக்கு வாய்த்த முதல் மாணவர் என் அப்பா. அவரைப் பார்த்த பிறகும் நான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறேன் என்றால் என் பொறுமையை நீங்கள் மெச்ச வேண்டும். இப்போது பெரம்பலூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். கழுத்து வலி, தோள் வலி என்று வருகிறவர்களிடம் நாள் முழுவதும் "தோளைக் காதுக்குத் தூக்காதீங்க, இறக்குங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. அதை நான் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை. ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை விடுமுறையில், எங்கள் முந்திரித் தோப்பில், அப்பாவைப் பார்த்துக் கத்திக் கத்திப் பழகியது.

எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர். வைகாசியில் அம்மன் கோவில் திருவிழா. அதில் வில் வளைப்பு என்று ஒரு நாள் உண்டு. உயரமான கம்பத்தின் உச்சியில் மஞ்சள் தண்ணீர் நிரப்பிய மண்கலயத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். எங்கள் பங்காளிகளில் ஒருவர் கோவில் வில்லை எடுத்து, ஒரே அம்பில் அதை உடைக்க வேண்டும். உடைந்தால் மஞ்சள் தண்ணீர் கீழே நிற்பவர்கள் தலையில் தெறிக்கும். அதற்காகவே பிள்ளைகள் எல்லாம் காலையிலிருந்து கம்பத்தடியில் இடம் பிடித்து நிற்போம்.

வில், எய்கிறவர் வீட்டில்தான் வருடம் முழுக்க இருக்கும். தாத்தா இறந்தபோது பெரியப்பா சிங்கப்பூரில் வேலையில் இருந்ததால் அது அப்பாவிடம் வந்தது. எங்கள் வீட்டு முன்னறையில், டி.வி.க்கு மேலே, மஞ்சள் துணி சுற்றி மாட்டியிருந்தோம். பெண்கள் அதைத் தொடக் கூடாது. அதற்குக் கீழே உட்கார்ந்து சீரியல் பார்க்கலாம், அதற்குத் தடை இல்லை. அந்த வில் எங்கள் வீட்டில் இருக்கிறது என்பதுதான் பள்ளியில் எனக்கு இருந்த ஒரே கௌரவம்.

முந்தைய வருடம் அந்தக் கௌரவத்துக்கு ஆபத்து வந்தது. அப்பாவின் அம்பு கலயத்தின் உயரத்தில் பாதிகூடப் போகாமல் சாய்ந்து, பொரிகடலைக் கடைப் பந்தலில் போய்க் குத்தி நின்றது. ஊர் சிரித்தது. இன்னொரு வருடமும் தவறினால் வில் அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அடுத்த பங்காளி யார் என்றால், சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து எங்கள் எதிர்த் தெருவிலேயே குடியிருந்த பெரியப்பா.

அவர்கள் வீட்டோடு எங்களுக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. தோப்பைப் பாகம் பிரித்தபோது எல்லையில் நின்ற ஒரு பெரிய முந்திரி மரம் யாருக்கு என்று தகராறு வந்திருக்கிறது. பேச்சு முற்றி, அப்பா கோபத்தில் கோடாலியை எடுத்துக்கொண்டு போய் அந்த மரத்தையே வெட்டிச் சாய்த்துவிட்டார். யாருக்கும் இல்லாமல் போயிற்று. தாத்தா கையால் வைத்த மரம் அது. அன்றிலிருந்து பெரியப்பா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வெட்டியவர் என்பதால் அப்பாவுக்கும் அந்த வாசலுக்குப் போக முகம் இல்லை. இதெல்லாம் நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியப்பா என்றால் எதிரி. அவர் மகன் என் வகுப்பில்தான் படித்தான். "வில்லு எங்க வூட்டுக்கு வரப்போவுது" என்று பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டே வருவான்.

வில் வீடு மாறுவதற்கும் ஒரு முறை இருந்தது. வாங்குகிறவர் திருவிழா முடிந்த வெள்ளிக்கிழமை கொடுக்கிறவர் வீட்டுக்குள் வந்து, இலை போட்டுச் சாப்பிட்டு, அதன் பிறகுதான் வில்லைக் கையில் வாங்க வேண்டும். அம்மா ஒருநாள் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "வில்லு கை மாறுனா அவரு இங்க வந்து சாப்புட்டுத்தான் வாங்கணும்ல." அப்பா மோருக்குக் கையை நீட்டினார். எனக்கு அது கொடுமையாகப் பட்டது. தோற்றுப்போனதும் இல்லாமல் ஜெயித்தவர்களுக்குச் சோறு வேறு போட வேண்டுமா.

ஆகவே அப்பாவை ஜெயிக்க வைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஜெயங்கொண்டத்தில் நான் படித்த பள்ளியில் வில்வித்தை இருந்தது. பி.டி. டீச்சர் மூங்கில் வில்லை வைத்துக்கொண்டு எங்களை வெயிலில் நிறுத்தி, வில்லே இல்லாமல் சும்மா இழுக்கவைத்தே பாதி வருடத்தை ஓட்டியிருந்தார். எப்படி இழுக்க வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கோவில் வில்லைப் பழக்கத்துக்கு எடுக்கக் கூடாது என்பதால் அப்பாவே மூங்கிலை வளைத்து ஒரு வில் செய்தார். செய்வதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இழுப்பதில்தான் எல்லாம்.

அப்பா சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டினார். முழங்கைக்கு மேல் சதை உருண்டு நிற்கும். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. வில்லைக் கையில் எடுத்ததும் லாரி ஸ்டீயரிங்கை ஒடிப்பது போலத்தான் இழுப்பார். இரண்டு தோளும் காதைத் தொடும். இடுப்பு முன்னால் வரும், தலை பின்னால் போகும், மூச்சு நின்றுவிடும், முகம் சிவந்துவிடும். கை வெடவெடவென்று நடுங்கும்போது அம்பை விட்டுவிட்டு, "காத்து அடிக்குது" என்பார். முந்திரி இலை ஒன்றுகூட அசைந்திருக்காது.

நான் விளக்கினேன். கை ஒரு கொக்கி மாதிரி சும்மா நாணில் மாட்டியிருந்தால் போதும். இழுக்கிற வேலை முதுகினுடையது. இரண்டு தோள்பட்டை எலும்பும் நடு முதுகை நோக்கி நெருங்கி வர வேண்டும், முழங்கை அம்புக்கு நேராகப் பின்னால் போக வேண்டும், தோள் இறங்கியே இருக்க வேண்டும். கைச் சதை சின்னது, சீக்கிரம் களைத்து நடுங்கிவிடும். முதுகுச் சதை பெரியது, நின்று தாங்கும். அப்பா வெகு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "புரிஞ்சிடுச்சு பாப்பா" என்றார். வில்லை எடுத்தார். தோள் இரண்டும் நேராகக் காதுக்குப் போயின.

"தோள எறக்குப்பா."

"எறக்கித்தான வச்சிருக்கேன்."

"எங்க எறக்கியிருக்க? காதுல முட்டுது."

"என் ஒடம்பு வாகே அப்படித்தான் பாப்பா."

முதுகு என்ற ஒன்று தனக்கு இருப்பதையே அவர் உணரவில்லை என்று எனக்குத் தோன்றியது. பின்னால் போய் நின்று, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் விரலை வைத்து, "என் வெரல நசுக்குப்பா" என்றேன். டீச்சர் எங்களுக்குச் செய்கிற வித்தை அது. எங்கள் யாருக்கும் வராத ஒன்று அப்பாவுக்கு வந்தது. கூச்சம். விரல் பட்டதும் வில்லைக் கீழே போட்டுவிட்டு நெளிந்து நெளிந்து சிரித்தார். கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, குடும்ப மானம் போகப்போகிறது, இவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து சைக்கிள் டியூபை மரத்தில் கட்டி, மெதுவாக, முதுகால் மட்டும் இழுக்கச் சொன்னேன். ஒரே வெட்டில் இழுத்து டியூபை அறுத்தார். அறுந்த துண்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "பாத்தியா, எப்படி" என்றார். போனில் வீடியோ பார்க்கச் சொன்னேன். வெளிநாட்டுக்காரர்கள் சக்கரம் வைத்த வில்லில் எய்வதை ராத்திரி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம வில்லுல சக்கரம் இல்ல, அதான் கொறை" என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஒருநாள் தோளை இறக்குவார், முழங்கையைத் தொங்கவிடுவார். மறுநாள் முழங்கை சரியாக இருக்கும், மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒன்றை நிமிர்த்தினால் இன்னொன்று சாயும். ஷிப்டு முடிந்து சுண்ணாம்புத் தூசியோடு வருகிற மனிதரை விடாமல் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவரும் ஒருநாள்கூட முடியாது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன்.

வில் வளைப்புக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவரைத் தேடிக்கொண்டு தோப்புக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். பழைய எல்லையில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டைப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். சட்டை இல்லை. நான் கூப்பிட வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் வில்லைத் தூக்கினார்.

தோள் இறங்கியிருந்தது. அவர் இழுக்கிறார் என்பதே கையில் தெரியவில்லை. முதுகில் இரண்டு எலும்பும் மெதுவாக நகர்ந்து பக்கத்தில் வந்தன. முழங்கை அம்புக்கு நேராகப் பின்னால் போய் நின்றது. கை நடுங்கவில்லை. மூச்சு சீராகப் போய் வந்தது. மரத்தில் தொங்கவிட்டிருந்த பழைய பானை ஓசையோடு உடைந்து விழுந்தது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். எட்டிப் பார்த்தேன். பெரியப்பா தன் தோப்பில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேவு பார்க்க வந்திருக்கிறார், நன்றாகப் பார்த்து வயிறெரியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அடிக்கட்டை மேல் உட்கார்ந்து வெகுநேரம் நாணைத் தடவிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் கம்பத்தடியில் எனக்கு முதல் வரிசையில் இடம். மேளம் முழங்கியது. பூசாரி வில்லுக்குப் பூசை போட்டு அப்பாவிடம் கொடுத்தார். கூட்டத்தின் ஓரத்தில் பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா கலயத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். இலக்கை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன்.

பிறகு வில்லைத் தூக்கினார். தோள் இரண்டும் காதுக்கு ஏறின. இடுப்பு முன்னால் வந்தது. தலை பின்னால் போனது. முழங்கை தொங்கியது. மூச்சு நின்றது, முகம் சிவந்தது. நான் திருத்திய பிழைகளில் ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. எல்லாம் வரிசையாக வந்தன. கூட்டம் என்றும் பார்க்காமல் "தோள எறக்குப்பா" என்று கத்தினேன். அம்பு கலயத்துக்கு வெகு கீழே போய், கம்பத்தைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் விழுந்தது. பூசாரி தொரட்டியால் கலயத்தைக் கீழே இழுத்து உடைத்தார். யார் தலையிலும் தண்ணீர் தெறிக்கவில்லை. காலடி மண்ணில்தான் ஊறியது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நேத்து நல்லாத்தான இழுத்த, இன்னிக்கி என்ன வந்துச்சு என்று. "கூட்டத்தப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு பாப்பா" என்றார். சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு கவலையும் இல்லாமல், வெள்ளிக்கிழமைக்கு என்ன காய் வாங்கலாம் என்று அம்மாவிடம் கேட்டார். நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் அப்படியே நின்றார். அப்பா எழுந்து ஓடினார். "வாங்கண்ணே" என்றார். அம்மா இலை போட்டாள். நான் உள் அறையில் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாம்பார் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டே பெரியப்பா இலையைப் பார்த்துக் கேட்டார். "மொத நாளு தோப்புல பாத்தேன் தம்பி. பானைய ஒரே அடியில ஒடச்ச. கோயில்ல எதுக்குத் தோளத் தூக்குன?"

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த மனிதர் பேசியதில் எனக்குப் பிடித்த முதல் பேச்சு அது. அப்பா என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று எதிரிலேயே நின்றேன். அப்பா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அம்மாவிடம், "அண்ணனுக்கு ரசம் ஊத்து" என்றார்.

அம்மா ஊற்றினாள். பெரியப்பா சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். அவர் மூக்கை உறிஞ்சினார். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் உறிஞ்சினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ரசத்தில் மிளகை அள்ளிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

கை கழுவியதும் அப்பா டி.வி.க்கு மேலிருந்து வில்லை எடுத்து, மஞ்சள் துணியோடு பெரியப்பா கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டும் உடனே கையை எடுக்கவில்லை. "கையால இழுக்காதீங்கண்ணே, கை சும்மா மாட்டியிருந்தாப் போதும்" என்றார். "முதுகாலதான் இழுக்கணும். தோளு எறங்கியே இருக்கணும். மூச்ச அடக்காதீங்க. பாப்பா சொல்லிக் குடுத்தது."

பாடத்தை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பிக்கத் தெரிகிறது. பரீட்சை அன்றைக்கு மட்டும் கோட்டை விடுவாராம். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெரியப்பா போகும்போது என் பக்கத்தில் வந்து நின்று, என் தோளில் கையை வைத்தார். நான் தோளைக் காது வரைக்கும் தூக்கி அந்தக் கையைத் தள்ளிவிட்டேன்.