கடைசிப் பக்கத்திலிருந்து

பத்திரத்தைக் கையில் வாங்கியதும் அதைக் கவிழ்த்துப் போடுவதுதான் அவளுக்கு முதல் வேலை. கடைசித் தாள் மேலே வந்துவிடும். விற்றவர் யார், வாங்கியவர் யார், சொத்து யார் வழியாக யாருக்கு வந்தது என்ற நீளக் கதையெல்லாம் முன்பக்கங்களில் கிடக்கட்டும். நிலத்தின் நான்கு எல்லைகளும், அவற்றுக்குச் சற்று முன்னால் ஒளிந்திருக்கும் நிபந்தனைகளும்தான் அவளுக்கு வேண்டும். அரையடி ஸ்டீல் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, உதடு அசையாமல் படிப்பாள்.

பத்திரம் படித்துச் சொல்வதுதான் தொழில் என்றாலும், அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. பதிவு அலுவலகத்து மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு துணிப்பை. எழுந்தால் தலையில் படி இடிக்கும். இருபது வருடத்தில் தலை தானாகக் குனியப் பழகிவிட்டது. இப்போது வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழும்போதும் குனிந்துதான் எழுகிறாள்.

ஊர் வைத்த பெயர் ‘கடைசிப்பக்கம்’. செய்தித்தாளையும் அப்படித்தான் படிப்பாள். கடிதம் வந்தால் முதலில் கையெழுத்தைப் பார்ப்பாள். “பொண்ணு பார்க்கப் போனப்ப நான் திரும்பி வாசலுக்கு நடக்கறதைப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னா” என்று அவள் கணவர் எல்லோரிடமும் சொல்வார். அவள் மறுத்ததில்லை.

வீடு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் நகராட்சி முத்திரை குத்திய வரைபடத்தோடுதான் வருவார்கள். எத்தனை மாடி கட்டலாம், தெருவிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், அங்கே கடை வைக்கலாமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கும். அதைக் காட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பார்கள். அவள் தலையாட்டிவிட்டு எப்போதும் சொல்லும் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்வாள்: “ஆபீஸ் சொல்றது ஊருக்கே. பத்திரம் சொல்றது உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல.” பிறகு ஸ்கேல் நகரும். இந்தச் சுவரில் ஜன்னல் வைக்கக் கூடாது. இந்த மூலை வழியாகப் பின்வீட்டுக்காரர் நடக்கலாம். இங்கே பட்டறை போடக் கூடாது. எப்போதோ யாரோ யாருக்கோ கொடுத்த வாக்கு, நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கும்.

அப்படி ஒரு வரி அகப்பட்டால் வாங்குகிறவரிடம் பென்சிலை நீட்டுவாள். படித்தேன் என்பதற்கு ஓரத்தில் அவரே ஒரு டிக் போட வேண்டும். “நாளைக்கு எனக்குத் தெரியாதுன்னு நீங்க சொல்லுவீங்க. நான் சொல்லலைன்னும் சொல்லுவீங்க.” பத்திரத்தின் நகலில்தான் இந்த டிக், நகல் அவளிடமே தங்கிவிடும்.

போன வாரம் அவள் வீட்டுக்குத் தங்கை வந்தாள். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்டப் போகிறாள். நகராட்சி அனுமதியும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டை ஒட்டி மூன்றடி விட்டால் போதுமாம். கம்பி இறங்கிவிட்டது என்று சொன்னபோது தங்கை அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு அந்தக் கடைசிப் பக்கம் மனப்பாடம். தங்கை வீடும் பக்கத்து வீடும் ஒரு காலத்தில் ஒரே சொத்து. உடையவர் பாதியை விற்றபோது, மீதி வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் வேண்டும் என்று, விற்ற பாதியில் கிழக்கே எட்டடி என்றைக்கும் வானம் பார்த்துக் கிடக்க வேண்டும் என எழுதி வைத்தார். அந்த விற்ற பாதிதான் கைமாறித் தங்கைக்கு வந்தது. மீதி வீட்டை அவர் பின்னால் கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு விற்றபோது, அந்தப் பத்திரத்தில் இதை எழுத மறந்தார். ஆக, விஷயம் தங்கையின் பத்திரத்தில் மட்டும் இருக்கிறது.

எட்டடி விட்டால் அறை ஏழடி அகலத்துக்கு வந்துவிடும் என்றாள் தங்கை. கட்டில் போட்டால் கதவு திறக்காது. கல்யாணமான பையனைக் கூடத்தில் படுக்க வைக்க முடியுமா என்று கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கடிகாரக்காரர் பத்திரத்துல இல்லைல்லக்கா? அவருக்கே தெரியாது. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். சும்மா இரு, அது போதும்.”

அக்கா தங்கைக்கு இரண்டாவது தோசை வைத்தாள், மூன்றாவதும் வைத்தாள்.

இன்று காலை மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்து உட்கார்ந்தவர் அந்தக் கடிகாரக்காரர்தான். ஒரு கண்ணை எப்போதும் சற்று இடுக்கியே வைத்திருக்கிற மனிதர். லென்ஸ் மாட்டி மாட்டி அப்படி ஆகிவிட்டது. பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்து, அவள் செய்வதைப் போலவே கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் கம்பி எழும்புகிறது என்றார். ஜன்னலோரம்தான் தன் மேசை. பல் தேய்ந்த சக்கரம் எது, பல் போன சக்கரம் எது என்று பகல் வெளிச்சத்தில்தான் தெரிகிறது. குழல் விளக்கில் எல்லாம் ஒன்றுபோல மின்னுகிறது.

“உங்க தங்கச்சி வீடுன்னு தெரிஞ்சுதான்மா வந்தேன். உங்களை விட்டா யாரு இதைப் படிப்பாங்க?”

அவள் ஸ்கேலை எடுத்தாள். கடைசித் தாளிலிருந்து முதல் தாள் வரை படித்தாள். ஒருமுறை போதும், இரண்டுமுறை படித்தாள்.

“இதுல இல்லைங்க” என்றாள்.

அவர் தலையாட்டினார். சண்டைக்கு வந்தவரில்லை. பத்திரத்தை உறைக்குள் நுழைத்தார், மூலை மடங்காமல் நுழைக்க நேரம் எடுத்துக்கொண்டார், பிறகு படியில் இடிக்காமல் குனிந்து எழுந்தார்.

“உக்காருங்க” என்றாள்.

துணிப்பையின் அடியில் கைவிட்டு, ரப்பர் பேண்ட் இறுகிப்போன ஒரு நகலை எடுத்தாள். கவிழ்த்துப் போட்டாள். கடைசித் தாளை அவர் பக்கமாகத் திருப்பி, எட்டடி என்ற வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்தாள். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். அவர் படித்து முடிக்கிறவரை, ஓரத்தில் தங்கை பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் போட்ட பென்சில் டிக்கின் மேல் தன் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.