ஓர் அகப்பை மழைக்கஞ்சி

பெத்தம்மாள் வாயைத் திறந்தால் சாமியின் அன்புதான் வரும் என்று ஊரே சொல்லும். களை எடுக்கும்போது சொல்வாள், பருத்தி எடுக்கும்போது சொல்வாள், ஊருணிக்குத் தண்ணீர் எடுக்க வருகிறவர்களையும் விடமாட்டாள். திருச்சுழிக்குத் தெற்கே வானம் பார்த்த அந்தக் கரிசல் ஊரில் ஏசுவைக் கும்பிடும் வேதக்காரி அவள் ஒருத்திதான். ஒங்க சாமி டவுனுல பஸ்ஸு மாறி வரணுமில்ல, லேட்டாத்தான் ஆகும் என்று பெண்கள் கேலி செய்வார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஊதுவதை அவள் நிறுத்தவில்லை.

அந்த வேதம் அவளுக்கு வந்தது அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில். புருஷன் சங்கையாவைப் பாம்பு கடித்து அங்கே போட்டிருந்தார்கள். சொந்தபந்தம் எட்டிப் பார்த்துவிட்டு, விதைப்பு வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டது. நோயாளிகளைப் பார்க்க வரும் ஒரு பைபிள்காரம்மா, பட்டினியாக உட்கார்ந்திருந்த இவளைப் பார்த்துத் தன் தூக்குவாளிச் சோற்றில் பாதியைப் போட்டாள். என்ன சாதி, எந்தச் சாமி என்று கேட்கவில்லை. இவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கடவுள் உன்னை நேசிக்கிறார் என்றாள். அப்படியொரு வார்த்தையை அதுவரை யாரும் பெத்தம்மாள் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. சங்கையா பிழைக்கவில்லை. வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. மறுவருஷமே டவுனில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள்.

ஊரில் அவள் பேச்சுக்குக் காது கொடுத்தவள் ஒருத்தி உண்டு. சங்கையாவின் தம்பி இருளப்பசாமியின் மனைவி முருகேஸ்வரி. கல்யாணமாகி வெகுநாளாகியும் பிள்ளையில்லை. அவள் கைபட்டால் முளைக்காது என்று விதைப்பெட்டியைக்கூடத் தொட விடமாட்டார்கள். இருளப்பசாமி குடிக்காமலே அடிப்பான். குடித்துவிட்டு அடிக்கிறவனுக்காவது ஒரு சாக்கு உண்டு. அடிபட்டு வந்து உட்காருகிறவளிடம் பெத்தம்மாள் மழையைத்தான் உதாரணம் காட்டுவாள்.

"நல்லவுக காட்டுல பேயிற மழதான் கெட்டவுக காட்டுலயும் பேயுது. அவரு யாரையும் ஒதுக்க மாட்டாரு தாயி."

"என்னயக் கூடவாக்கா?"

"ஒன்னயத்தான் மொதல்ல."

எத்தனை முறை சொன்னாலும் முருகேஸ்வரி திரும்பவும் அதையே கேட்பாள். இவள் ஒருத்தி அதை நம்பிவிட்டால் போதும், தான் பிறந்ததற்கு ஒரு பலன் உண்டு என்று பெத்தம்மாள் நினைத்திருந்தாள். வேறு ஆசை அவளுக்கு இல்லை.

அறுபதுகளின் கடைசியில் மழை பொய்த்தது. ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உழவு மாடுகளை அடிமாட்டு விலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் மழைக்கஞ்சி எடுப்பதென்று ஊர்ப் பெண்கள் முடிவு செய்தார்கள். வீடு வீடாகப் போய் உப்புப் போடாத கஞ்சியைப் பிச்சை கேட்பார்கள். மச்சுவீட்டுக்காரியும் அன்றைக்குப் பிச்சைக்காரிதான். எல்லாவற்றையும் ஒரே பானையில் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, பிழைக்க வழியில்லாமல் ஊரைவிட்டே போகிறோம் என்று மாரடித்து அழுவார்கள். அந்த அழுகை பொறுக்காமல் வானம் இறங்கும். ஆனால் ஒரு வீடு தவறினாலும் அத்தனை அழுகையும் வீண்.

என்ன செய்வதென்று பெத்தம்மாள் டவுனுக்குப் போய், அங்கே சபை நடத்தும் ஞானமுத்து உபதேசியாரிடம் கேட்டாள். அவர் வீட்டு வாசலிலேயே குழாயில் தண்ணீர் வரும். அது விக்கிரகத்துக்குப் படைக்கிற காரியம், ஒரு பருக்கை கொடுத்தாலும் பாவம், ஊருக்கு முன்னால் சாட்சியாக நிற்க வேண்டிய நேரம் இது என்றார். பெத்தம்மாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

கஞ்சி எடுக்கும் பெண்களுக்குத் தலைவி ராமலட்சுமி. விவரமானவள். பெத்தம்மாள் சுலபத்தில் கொடுக்கமாட்டாள் என்று தெரிந்து, அந்த வாசலுக்கு மட்டும் பானையை முருகேஸ்வரி இடுப்பில் ஏற்றிவிட்டாள். எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாதவள் அன்றைக்குத் தேவைப்பட்டாள். கஞ்சி வராவிட்டால் பழி உனக்குத்தான் என்று சொல்லியே அனுப்பினாள். மற்றவர்கள் தெருவில் தள்ளி நின்றார்கள்.

"ஒரு அகப்பை ஊத்துங்கக்கா. உப்பில்லாம."

"அது ஆகாது தாயி. எங்க வேதத்துல கூடாது."

"சாமிக்குன்னு குடுக்க வேண்டாம். எனக்குன்னு குடுங்க."

பெத்தம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. அடுப்படிக்குப் போய் அகப்பையைக் கையிலும் எடுத்துவிட்டாள். அப்போது பார்த்து உபதேசியார் சொன்னது ஞாபகம் வந்தது. அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, உனக்காகச் செபம் பண்ணுகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கையேந்தி நிற்கிறவளுக்குச் செபமாம், அதுவும் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து. அன்பைப் பற்றி அவள் அத்தனை வருஷம் பேசியதெல்லாம் அந்த வாசலிலேயே செத்தது.

அந்த வாசலில் கஞ்சி கிடைக்காமல் திரும்பியவளைப் பெண்கள் எல்லையில் வைத்தே வைதார்கள். வீட்டில் இருளப்பசாமி அடித்த அடியில் நெற்றி பிளந்தது. மறுநாள் ஊர் கூடியபோது, மலடி பானை தூக்கியதால்தான் கஞ்சி குறைந்தது என்று ராமலட்சுமி சொன்னாள். தூக்கி வைத்தவளே அவள்தான் என்பதை யாரும் கேட்கவில்லை. பெத்தம்மாளையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேரில் காடு இருந்தது, டவுனில் ஆள் இருந்தது. இளைத்தவன் தலையில்தானே மிளகாய் அரைப்பார்கள். முருகேஸ்வரியை வீரசோழன் பக்கத்தில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்கு விரட்டிவிட்டார்கள்.

அந்த வாரமே மழை கொட்டியது. எல்லார் காட்டிலும் பெய்தது, இருளப்பசாமி காட்டிலும் பெய்தது. முருகேஸ்வரியைத் திரும்பக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. தை பிறந்ததும் அவன் வேறு பெண் கட்டிக்கொண்டான். டவுனில் உபதேசியார் பெத்தம்மாளை எழுந்து நிற்கச் சொல்லி, சோதனையில் விழாத சாட்சி என்று சபைக்குக் காட்டினார். சபை தோத்திரம் சொன்னது. அவளுக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை.

மாசியில் பெத்தம்மாள் வீரசோழன் பஸ் ஏறினாள். முருகேஸ்வரி அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டத்தில் இருந்துகொண்டு கூலிக்கு மிளகாய் எடுக்கப் போய்வந்தாள். நெற்றித் தழும்பு கறுத்திருந்தது. வந்தவளுக்குச் சாக்கை உதறிப் போட்டு, தனக்கு வைத்திருந்த கஞ்சியில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். இவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பெத்தம்மாள் அழுதாள். மன்னித்துவிடு, என்னோடு வந்து இருந்துகொள், கடவுள் உன்னை இன்னமும் நேசிக்கிறார் என்றாள்.

"நேசிப்பாருக்கா. நீங்க சொல்லித்தான நானும் நம்புனேன். கதவச் சாத்துனது அவரு இல்லையே, நீங்கதான."

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த கோடையில் காய்ச்சலில் செத்துப்போனாள் என்ற சேதிதான் ஊருக்கு வந்தது.

அதற்குப் பிறகு பெத்தம்மாள் யாரிடமும் சாமியின் அன்பைப் பற்றிப் பேசவில்லை. தொல்லை விட்டது என்று ஊர் சந்தோஷப்பட்டது.

எழுபதுகளின் நடுவில் மறுபடி வானம் பொய்த்து, மறுபடி மழைக்கஞ்சி எடுத்தார்கள். பெத்தம்மாள் விடியவும் உலை வைத்தாள். உப்புப் போடவில்லை. கதவை விரியத் திறந்து வைத்து, சட்டியும் அகப்பையுமாக வாசலில் நின்றாள். பெண்கள் பக்கத்து வீட்டில் வாங்கினார்கள், இவள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். என்னிடமும் வாங்கிக்கொண்டு போங்கள் என்று பின்னாலேயே ஓடினாள். ராமலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"போன தடவ ஒங்க கஞ்சி இல்லாமத்தான மதினி பேஞ்சிச்சு. நீங்க உள்ள போங்க."

கொஞ்ச நேரத்தில் எல்லையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பெத்தம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அந்தக் கஞ்சியை உப்பில்லாமல் தானே குடித்தாள். கதவை மட்டும் அவள் சாத்தவில்லை. பானையோடு படியேறி வர இப்போது யாரும் இல்லை.