வேண்டாம் என்று சொல்ல ஒருவர்

எங்கள் பர்ச்சேஸ் மேடத்தைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவர் வீட்டார் இருக்கிறார்கள். அவரோடு என்னைவிட நன்றாக விளையாடியவர்களும் இருக்கிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே யோசிப்பவன். ஆனால் அவருடைய கடைசிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அதில் ஒருவர் இப்போது இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடத்தை நினைத்தால் முதலில் பலகை விளையாட்டுக் காயான ஒரு நீல நிற மரக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதை நகர்த்துவதற்கு முன்னால் அவர் அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவார், தூங்கும் பிள்ளையை எழுப்புவது போல. பிறகுதான் பேரம் ஆரம்பிக்கும்.

பம்மல் பக்கம் பம்ப்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் பார்த்தேன். அவர் அங்கே பர்ச்சேஸ். எல்லோருக்கும் அவர் பர்ச்சேஸ் மேடம்தான். ஒரு வாஷர் விலைக்காக அரை நாள் பேசுவார். குரல் உயராது, சிரிப்பும் குறையாது, விலை மட்டும் இறங்கிக்கொண்டே வரும். குரோம்பேட்டையில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் சில பேர் சனிக்கிழமை சாயங்காலங்களில் கூடிப் பலகை விளையாட்டுகள் ஆடுவார்கள். மேசைக்கு ஓர் ஆள் குறைகிறது என்று ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "வாய் பேசாத ஆள் ஒருத்தர் இருந்தா நல்லது தம்பி. என்ன நினைக்கிறாருன்னே கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

விண்வெளியில் வியாபாரம் செய்கிற விளையாட்டு அது. பலகை முழுக்கக் கிரகங்கள். ஒன்றில் தண்ணீர் மலிவு, ஒன்றில் இரும்பு. மலிவான இடத்தில் கப்பலில் ஏற்றி, இல்லாத இடத்தில் இறக்க வேண்டும். கடைசியில் யாரிடம் சொத்து அதிகமோ அவர் ஜெயிப்பார். ஆனால் வழியில் எரிபொருள் தீர்ந்துவிடும். அப்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர் ஒரு விலை சொல்வார், நாம் ஒன்று சொல்வோம். பகடையைவிட வாய்க்குத்தான் அங்கே வேலை அதிகம். கேளம்பாக்கத்திலிருந்து பைக்கில் வரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன் மேடத்திடம் அடிக்கடி மாட்டிக்கொள்வான். "மேடம், இது பகல் கொள்ளை. நான் கேஸ் போடப் போறேன்" என்று கத்துவான். "போடு கண்ணு. வக்கீல் ஃபீஸையும் உன்கிட்டயே கறந்துடறேன்" என்பார் அவர். ஹாலே சிரிக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை அந்த விளையாட்டுக்குப் போட்டி நடக்கும். பரிசு ஒரு கோப்பை, அவ்வளவுதான். மேடம் கடைசியாக வந்த வருடம், அவருக்கு வயிற்றில் வந்த புற்றுநோய் ஈரல்வரை போயிருந்தது. தலையில் பருத்தித் துணி கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருவார். எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய் ஆட்டோவில் அழைத்து வந்தேன். வழியில் ஆட்டோ நெரிசலில் நின்றுவிட்டது. அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார். "தம்பி, எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா ஃபேன் வேகத்துக்கு என்கூடச் சண்டை போட்டவர். இப்போ நான் அஞ்சுல வெச்சா அஞ்சு, ஒண்ணுல வெச்சா ஒண்ணு. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துக்கறாரு." கொஞ்சம் சிரித்தார். "எனக்குச் சர்க்கரை இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல? டாக்டர்கிட்ட மாம்பழம் சாப்பிடலாமான்னு கேட்டேன். என்ன வேணும்னாலும் சாப்பிடுங்கம்மான்னுட்டாரு. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கப்புக்காக வரல நான். ஒருத்தராவது இன்னிக்கு என்கிட்ட வேணாம்னு சொல்லணும். அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

காலை ஆட்டங்களில் அது நடக்கவில்லை. கேட்டதை எல்லாம் கொடுத்தார்கள். கேட்பதற்கு முன்பே நீட்டினார்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ் வாங்கிப் போவது போல, அவர் முன்னால் தண்ணீரையும் இரும்பையும் வைத்தார்கள். கேளம்பாக்கத்துப் பையன் ஒரே ஓர் இரும்புக்கு மூன்று எரிபொருள் தருகிறேன் என்றான். மேடம் அவனை உற்றுப் பார்த்தார். "என்னப்பா, கடையைக் காலி பண்றியா? ஆடித் தள்ளுபடியா?" என்றார். அவன் சிரிக்க முயன்றான். "நான் செத்தா மாலை வாங்கிட்டு வா. இப்போ ஒழுங்கா விலையைச் சொல்லு." அவன் கண் கலங்கி, "எடுத்துக்கங்க மேடம்" என்று காய்களைத் தள்ளிவிட்டான். அவர் எடுத்துக்கொண்டார். நீலக் கப்பலின் தலையில் தட்ட மறந்துவிட்டார்.

மதியம் கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். மேடம், அந்தப் பையன், தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் சார், நான். வாய் பேசாமல் இருந்ததே என்னை அதுவரை கொண்டுவந்திருந்தது. சாரும் பையனும் போட்டி போட்டுக்கொண்டு மேடத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். கடைசிச் சுற்றில் அவர் கப்பல் நிறையத் தண்ணீரோடு பலகையின் கடைக்கோடிக் கிரகத்துக்குப் பக்கத்தில் நின்றது. போய்ச் சேர்ந்தால் கோப்பை அவருக்கு. எரிபொருள் இல்லை. அது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

"தம்பி, எரிபொருள் குடு. நாலு இரும்பு தர்றேன்."

ஆட்டோவில் அவர் சொன்னது என் காதில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவரிடம் ஒருமுறைகூட மறுத்துப் பேசியவன் இல்லை நான்.

"வேணாம் மேடம்" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணா, குடுத்துடுங்கண்ணா" என்றான் பையன் மெதுவாக. மேடம் ஆறு இரும்பு என்றார். வேண்டாம் என்றேன். கையிலிருந்த இரும்பு மொத்தத்தையும் தருகிறேன் என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் முதலில் பழைய வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அது வந்த வேகத்திலேயே போனதையும் பார்த்தேன். ஏன் போனது என்று அப்போது புரியவில்லை. நீலக் கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. சார் ஜெயித்தார். கோப்பையை வாங்க அவர் கூச்சப்பட்டார். என்னோடு யாரும் பேசவில்லை. பையன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

படியிறங்கும்போது மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றார்.

"உன் கப்பல் எங்கயும் போக வேண்டியதில்ல. அந்த எரிபொருள் உன் கையில சும்மாதான் கெடந்துச்சு. சரிதானே?"

"ஆமா மேடம்."

"நான் சொன்ன இரும்பை வாங்கியிருந்தா நீ ரெண்டாவது வந்திருப்ப. எந்த வியாபாரியாவது அதை வேணாம்பானா? இன்னும் ரெண்டு சேர்த்துக் குடுன்னு கறந்திருப்பான்." அடுத்த படியில் கால் வைத்தார். "காலையில நான் கேட்டேன்னுதானே வேணாம்னு சொன்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீயும் எனக்குக் குடுத்துட்டியேப்பா" என்றார். கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இத்தனை காலம் கழித்தும் அதை யோசிக்கிறேன். அவர் கேட்டது கொடுக்கக்கூடிய பொருளா என்றே எனக்குச் சந்தேகம் வருகிறது. கொடுத்தாலே அது இரக்கமாகிவிடுகிறது. அவரை நன்றாக இருக்கிறவராக நினைத்து, என் லாபத்துக்காக அவரைப் பிழிந்தெடுக்க என்னால் முடிந்திருந்தால்தான் அது அவருக்குக் கிடைத்திருக்கும். அப்படி நினைக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. அவர் தலையில் கட்டியிருந்த துணி எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டேயிருந்தது. உயிரோடு இருக்கும்போதே ஒருவரை வரிசையிலிருந்து நகர்த்தி வைத்துவிடுகிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம்.

வீட்டு வாசலில் இறங்கியபோது அவர் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். "ஜெயிச்சியா?" என்று கேட்டார். "இல்ல" என்றார் மேடம். "பரவாயில்லம்மா" என்றார் அவர்.

மறுநாள் திங்கட்கிழமை மேடம் ஆபீசுக்கு வந்தார். முதலாளி அறைக்குப் போய், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்றார். முதலாளி, "உங்க இஷ்டம் மேடம்" என்றார்.